வாடகைக்கு விட வீடு வாங்குமுன் ஏரியாவைப் பார்ப்பது எப்படி? சென்னையை வைத்து ஒரு முழு வழிகாட்டி

கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். சென்னைப் புறநகரில் 70 லட்ச ரூபாய்க்கு இரண்டு பெட்ரூம் பழைய ஃபிளாட் ஒன்று, மாத வாடகை 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 2.4 லட்சம், அதாவது 3.4 சதவீதம். புரோக்கர் சொல்லும் கணக்கு இதோடு முடிந்துவிடும். ஆனால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று ஆறு லட்சத்துக்கு மேல் ஏறும், கமிஷன், பெயின்ட், பைப் வேலை என்று இன்னும் ஒரு லட்சம் போகும், ஆக 77 லட்சத்தைத் தாண்டிவிட்டீர்கள். வருடத்தில் இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால், அந்த இரண்டு மாத மெயின்டனன்ஸும் உங்கள் தலையில் விழுந்து, சொத்து வரியும் சில்லறை ரிப்பேரும் போக கைக்கு வருவது ஒன்றேமுக்கால் லட்சம் பக்கம்தான். இரண்டேகால் சதவீதம்.

அந்த இரண்டு மாதம் பூட்டிக் கிடப்பதும் கிடக்காததும் பெரும்பாலும் ஏரியாவின் கையில் இருக்கிறது. குடியிருக்க வீடு வாங்குபவர் குறைகளோடு பழகிக்கொள்வார், வேறு வழியில்லை. வாடகைக்காரருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அதனால் நான் யார் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: அந்தத் தெருவுக்கு ஜனங்கள் ஏன் குடிவருகிறார்கள் என்பதைவிட ஏன் காலி செய்கிறார்கள் என்பதைத் துருவுங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு கேள்வியைத்தான் வேறு வேறு பக்கத்திலிருந்து கேட்கின்றன. உதாரணங்கள் எல்லாம் சென்னை, ஆனால் கோவைக்கும் திருச்சிக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல் படி: யாருக்கு விடப் போகிறீர்கள்?

"நல்ல ஏரியா" என்று பொதுவாக ஒன்று கிடையாது. ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கும் 25 வயதுப் பையனுக்கு நல்ல ஏரியாவாக இருப்பது, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பத்துக்கு ஆகாது. முதலில் ஆளை முடிவு செய்யுங்கள், பிறகு அவர் காலை எங்கே போகிறார் என்று பாருங்கள்.

ஒரு ஏரியாவுக்கு வாடகைக்காரர்களை அனுப்பிக்கொண்டே இருக்கும் இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றே ஒன்று என்றால் எனக்குப் பயம். 2020-இல் கொரோனா வந்து ஐ.டி. கம்பெனிகள் எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னபோது ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) ஓரமாக வரிசையாக வீடுகள் காலியானது நினைவிருக்கும். சொந்த ஊர் போனவர்கள் திரும்பி வரவே நாளானது, வங்கித் தவணை மட்டும் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அதற்கு எதிர்ப்பக்கம் போரூர், மணப்பாக்கம், ராமாபுரம் வட்டாரத்தைப் பாருங்கள். டி.எல்.எஃப். வளாகம், எல் அண்ட் டி, மியாட், ராமச்சந்திரா மருத்துவமனை என்று ஐ.டி. ஆளும் நர்ஸும் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளையும் இன்ஜினியரும் கலந்து வருகிற இடம் அது, ஒரு தொழில் படுத்தாலும் இன்னொன்று தாங்கும். குரோம்பேட்டையில் மின்சார ரயில், ஜி.எஸ்.டி. சாலை, எம்.ஐ.டி. கல்லூரி. பெரம்பூர், அயனாவரம் பக்கம் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்., ரயில்வே பணிமனைகள். வடசென்னை என்றாலே முகம் சுளிப்பவர்கள் அங்கே ஒரு சின்ன வீடு எவ்வளவு சீக்கிரம் வாடகைக்குப் போகிறது என்று விசாரித்ததே இல்லை.

இரண்டாவது படி: ஏன் காலி செய்தார்கள்?

புரோக்கரிடம் கேட்டால் "டிரான்ஸ்ஃபர் சார்" என்பார். எல்லா வீட்டிலும் டிரான்ஸ்ஃபர்தான் நடந்திருக்கும். வீட்டை விற்பவரிடம் கேட்டாலும் அதே பதில். உண்மை தெரிந்தவர்கள் வேறு: எதிர் பில்டிங் வாட்ச்மேன், தெருமுனை அண்ணாச்சி கடை, துணி தேய்த்துக் கொடுப்பவர், வீட்டு வேலை செய்யும் அக்கா. இவர்களுக்கு எந்த வீட்டில் யார் எத்தனை மாதம் இருந்தார்கள் என்பது அத்துப்படி.

போய் நின்றவுடன் "இந்த ஏரியா எப்படி?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கும் சார்" என்பதோடு முடிந்துவிடும். வாடகைக்கு வீடு தேடி வந்தவர் போல, கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள்.

"அண்ணே, ஏப்ரல் மேயில இந்த பில்டிங்குக்கு ஒரு நாளைக்கு எத்தனை லாரி தண்ணி வரும்?"

"ரெண்டு. போன வருஷம் மூணு வந்துச்சு. காலையில அஞ்சு மணிக்கு மோட்டார் போட்டுட்டு ஏழுக்கு நிறுத்திடுவாங்க, அதான் செகண்ட் ஃப்ளோர் பொண்ணு சண்டை போட்டுட்டுக் காலி பண்ணிட்டா."

இந்த ஒரு பதிலில் தண்ணீர்ப் பஞ்சம், அசோசியேஷன் நடத்தும் லட்சணம், காலி செய்த காரணம் மூன்றும் வந்துவிட்டன. அண்ணாச்சி கடையில் ஒரு சோடா வாங்கிக்கொண்டு, இந்தத் தெருவில் எந்த பில்டிங்கில் டூ-லெட் போர்டு அடிக்கடி தொங்குகிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் வாங்கப் போகும் பில்டிங்கின் பெயரே வந்தால் அங்கேயே யோசிக்கலாம்.

மூன்றாவது படி: தண்ணீர், மூன்று வகையிலும்

சென்னையில் ஏரியாவைப் பார்ப்பது என்றால் பாதி வேலை தண்ணீரைப் பார்ப்பதுதான். மழைத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், சாக்கடைத் தண்ணீர். மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று நன்றாக இருப்பதால் மற்றது நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

மழை முதலில். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் வடியவே பல நாளானது. ஆனால் ஏரியா பெயரை வைத்து மொத்தமாக ஒதுக்குவதும் சரியில்லை. ஒரே வேளச்சேரியில் ஒரு தெருவில் கணுக்கால் அளவு, இரண்டு தெரு தள்ளி இடுப்பளவு. அதனால் தெருப்பெயரைப் போட்டு, கூடவே 2015, 2023 என்று வருடத்தையும் போட்டு யூடியூபில் தேடுங்கள். மொட்டை மாடியிலிருந்து யாராவது வீடியோ எடுத்துப் போட்டிருப்பார்கள்.

பிறகு நேரில் போங்கள். காம்பவுண்டுச் சுவரில் கிடைக்கோடாகப் பழுப்புக் கறை இருக்கிறதா, அதை மறைக்கக் கீழே மூன்றடிக்கு மட்டும் புதுப் பெயின்டா? இ.பி. பெட்டியைத் தலைக்கு மேல் ஏற்றி மாட்டியிருக்கிறார்களா? பழைய வீடுகளின் வாசல் ரோட்டைவிடத் தாழ்ந்து கிடக்கிறதா, வாசலில் ஒன்றரை அடிக்குத் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்களா? இவை போதும், யாரையும் கேட்கவே வேண்டாம். கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரிக்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு போய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துகிறார்களே, நீங்கள் பார்க்கும் தெருவில் எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒருமுறை கார் எஞ்சினில் தண்ணீர் போனவர் அடுத்த ஐப்பசி வரை அந்த வீட்டில் இருக்க மாட்டார்.

கூகுள் எர்த்தைக் கம்ப்யூட்டரில் போட்டால் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கலாம். இன்றைக்கு அடுக்குமாடி நிற்கும் இடத்தில் இருபது வருடத்துக்கு முன்னால் தண்ணீர் மின்னியதென்றால், ஒவ்வொரு மழையிலும் தண்ணீர் அங்கே திரும்பி வரத்தான் பார்க்கும்.

அடுத்தது குழாய். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு ஊரே குடத்தோடு நின்றது. அந்த வருடம் இந்த பில்டிங் எப்படிச் சமாளித்தது என்பது நல்ல கேள்வி, அசோசியேஷன் செயலாளர் உண்மையைச் சொல்வார், ஏனென்றால் அவருக்கு அது வீரக்கதை. மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா அல்லது போர் (ஆழ்துளைக் கிணறு) மட்டும்தானா? போர் என்றால் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து இரண்டு மணி நேரம் வைத்துப் பாருங்கள், மஞ்சளாக மாறினால் இரும்புச்சத்து. பாத்ரூம் டைல்ஸும் வாஷிங் மெஷினும் என்ன கதியாகும் என்று பெண்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் கையில் வைத்தே அளந்து பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். லாரித் தண்ணீரையே நம்பியிருக்கும் பில்டிங்கில் கோடை மாத மெயின்டனன்ஸ் தனியாக ஏறும், வாடகைக்காரர் வாடகையையும் மெயின்டனன்ஸையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார். நீங்கள் வாடகை ஏற்ற நினைத்த இரண்டாயிரத்தை லாரிக்காரர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

மூன்றாவது, யாரும் கேட்காதது: பாதாளச் சாக்கடை. இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க் அல்லது பில்டிங்குக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையம், இரண்டும் இல்லாவிட்டால் கழிவுநீர் லாரி. சாயங்காலம் ஏழு மணிக்குத் தரைத்தளத்தில் நின்று மூக்கை நம்புங்கள். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குப் பக்கம் என்றால் காற்றடிக்கும் திசை மாறும்போது ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும், காலையில் இல்லாத வாடை ராத்திரியில் ஜன்னலைச் சாத்த வைக்கும்.

நான்காவது படி: அரசாங்கப் பதிவில் அந்த இடம் என்ன?

வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் வக்கீல் பார்ப்பார். அவர் உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்ப்பார், நீங்கள் சுற்றிலும் பாருங்கள். பட்டா, அ-பதிவேடு (நிலம் எந்த வகை என்று சொல்லும் ஊர்ப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் கிடைக்கின்றன. பக்கத்து சர்வே எண்களைப் போட்டுப் பார்த்தால் அது ஓடையா, ஏரிப் புறம்போக்கா, மேய்க்கால் நிலமா என்று தெரியும். எதிரே இருக்கும் காலி மனையைக் காட்டி "எப்பவும் காத்து வரும் சார்" என்பார்கள், அது தொழிற்சாலைக்கு ஒதுக்கிய நிலமா, வணிகப் பகுதியா என்பதை சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது, அதை ஒட்டிய இடங்களில் கட்டட அனுமதி விஷயத்தில் இரண்டு மடங்கு கவனம் தேவை. புது பில்டிங் என்றால் தமிழ்நாடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று, அந்தத் தெரு எந்த உள்ளாட்சிக்குள் வருகிறது? சென்னை மாநகராட்சி 2011-இல் விரிந்தபோது பெருங்குடி, சோழிங்கநல்லூர் எல்லாம் உள்ளே வந்தன, மேடவாக்கமும் பெரும்பாக்கமும் சேராமல் ஊராட்சியாகவே நின்றன. ஆவடி 2019-இல் மாநகராட்சியானது, தாம்பரம் 2021-இல். குப்பை வண்டி தினமும் வருமா, தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் போவது, பாதாளச் சாக்கடை எப்போது வரும் என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நிர்வாகம், அந்தப் பக்கம் இன்னொன்று என்று இருக்கும் தெருக்களில் யாரும் ரோடு போட மாட்டார்கள்.

ஐந்தாவது படி: உண்மையான வாடகை எவ்வளவு?

நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் தளங்களில் போட்டிருப்பது உரிமையாளர் ஆசைப்படும் வாடகை. எனக்கு அந்தத் தொகையைவிட அந்த விளம்பரம் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதுதான் முக்கியம். இன்றைக்கு ஒரு பத்து விளம்பரங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பிப் பாருங்கள். ஏழெட்டு காணாமல் போயிருந்தால் அந்த விலை ஓடுகிறது. அப்படியே கிடந்தால், அல்லது தொகை மட்டும் குறைந்திருந்தால், உங்கள் கணக்கையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸும் ஒரு அளவுகோல். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைப் பொது வரம்பாகச் சொல்கிறது. பழைய சென்னை வழக்கமோ பத்து மாதம். எந்த ஏரியாவில் உரிமையாளர்கள் தாங்களாகவே இரண்டு மாதத்துக்கு இறங்கி வருகிறார்களோ அங்கே வீடு அதிகம், ஆள் குறைவு.

வீடு அதிகமாவது எப்படி என்றால், ஆயிரம் வீட்டு டவர் ஒன்றை ஒரே மாதத்தில் சாவி கொடுத்தால் போதும். அதில் பாதிப்பேர் உங்களைப் போலவே வாடகைக்கு விட வாங்கியவர்கள், எல்லாரும் ஒரே வாரத்தில் போர்டு மாட்டுவார்கள், முதலில் பொறுமை இழப்பவர் மூவாயிரம் குறைப்பார், அதுவே எல்லாருக்கும் வாடகையாகிவிடும். நாவலூர், படூர், சிறுசேரி பக்கம் வாங்குபவர்கள் சுற்று வட்டாரத்தில் முடியும் நிலையில் எத்தனை டவர் நிற்கிறது என்று வண்டியில் ஒரு சுற்று வந்து பார்த்துவிடுங்கள். நங்கநல்லூர் மாதிரி இடம் கிடைக்காத பழைய ஏரியாக்களில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் விலைக்கும் வாடகைக்கும் உள்ள தூரம் அங்கே இன்னும் மோசம். எதையாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆறாவது படி: வேறு வேறு நேரத்தில் போங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எல்லாத் தெருவும் அழகுதான், புரோக்கர்கள் அந்த நேரத்தில் கூப்பிடுவதும் அதனால்தான். வேலை நாளில் காலை எட்டரைக்கு அங்கிருந்து ஆபீஸ் வரை நீங்களே வண்டி ஓட்டிப் பாருங்கள். ராத்திரி பத்தரைக்குப் பஸ் ஸ்டாப்பிலிருந்து அந்த வீடு வரை நடங்கள், முடிந்தால் வீட்டுப் பெண்களோடு நடந்து அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ஷிஃப்ட் முடிந்து தனியாக வரும் பெண்ணுக்கு அந்த நாலு நிமிடம் எப்படி இருக்கிறது என்பதில் உங்கள் வாடகை அடங்கியிருக்கிறது. மூடிய கடைகள், டாஸ்மாக் எங்கே, நாய்கள், எரியாத விளக்கு, கடைசி ஷேர் ஆட்டோ எத்தனை மணிக்கு. பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் என்றால் விமானச் சத்தத்தையும் வீட்டுக்குள் நின்று கேட்டுவிடுங்கள்.

மெட்ரோ வருகிறது என்பார்கள்

வரட்டும். இரண்டாம் கட்ட மெட்ரோ மூன்று வழித்தடம், ஏறக்குறைய 119 கிலோமீட்டர்: மாதவரம்–சிப்காட், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர். வந்தால் நல்லதுதான். ஆனால் ஓடாத ரயிலுக்கு இன்றைக்கே விலை கொடுக்காதீர்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை பறக்கும் ரயிலை நீட்டும் வேலை 2008-இல் தொடங்கியது, நடுவே அரை கிலோமீட்டர் நிலத்துக்கான தகராறில் பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்தது. கட்டி முடிக்கும் வரை தூசி, பள்ளம், ஒருவழிப்பாதை எல்லாம் உங்கள் வாடகைக்காரருக்கு. ஓடுகிற ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடை என்றால் கூடுதல் விலை கொடுக்கலாம். அதுவும் நடந்து பார்த்துவிட்டு, ஏனென்றால் விளம்பரத்தில் போடும் பத்து நிமிடம் அதிகாலை நான்கு மணிக்கு பைக்கில் போகும் பத்து நிமிடம். தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு நகர்ந்த மாதிரி, இருக்கிற வசதியும் இடம் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏழாவது படி: அசோசியேஷன்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

ஏரியா பேச்சில் இது எங்கே வந்தது என்று கேட்காதீர்கள், சென்னையில் யாருக்கு வீடு விடலாம் என்பதை உரிமையாளரைவிட மேல்வீட்டு மாமா அதிகம் முடிவு செய்கிறார். பேச்சிலர் கூடாது, பெண்கள் மட்டும் தங்கினால் பத்து மணிக்குள் வர வேண்டும், அசைவம் சமைக்கக் கூடாது, நாய் கூடாது. எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனாலும் நிலவரம் அப்படி. ஒவ்வொரு நிபந்தனையும் உங்கள் வீட்டுக்கு வரக்கூடியவர்களில் ஒரு பங்கை வாசலிலேயே திருப்பி அனுப்பும். முதல் படியில் பேச்சிலர்களை மனதில் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், அசோசியேஷன் விதிகளையும் கடைசிக் கூட்டத்தின் குறிப்பையும் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். குறிப்பேட்டில் லிஃப்ட், மோட்டார், பார்க்கிங் சண்டை, மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவர்கள் பட்டியல் எல்லாம் இருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே வாடகைக்காரர் இருக்கிறார் என்றால் பாதி வேலை மிச்சம். "25,000 வருது" என்று விற்பவர் சொன்னால், கடந்த ஒரு வருடம் வாடகை வந்து விழுந்த பேங்க் ஸ்டேட்மென்டைக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். இரண்டு மாதம் விட்டுப்போயிருந்தால் ஏன் என்று கேளுங்கள். குடியிருப்பவரிடம் விற்பவர் இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் பேசுங்கள்.

எப்போது வாங்குவது?

ஏரியாவைப் பார்க்க ஐப்பசி, கார்த்திகைதான் நல்ல காலம், மழை எல்லா உண்மையையும் வெளியே கொண்டுவந்து போடும். தண்ணீர்ப் பஞ்சத்தை மே மாதத்தில்தான் கண்ணால் பார்க்க முடியும், அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவர்கள் முந்தைய கோடையின் லாரி பில்லைக் கேட்டு வாங்குங்கள். பிப்ரவரி, மார்ச்சில் பதிவை முடித்து ஏப்ரல் கடைசியில் போர்டு மாட்டினால், பள்ளி விடுமுறையில் வீடு மாறும் குடும்பங்களுக்குச் சரியாக இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்சிக் குடிபோகிறவர்கள் குறைவு. ஜூலை நடுவில்தான் சாவி கைக்கு வரும் என்றால் ஆவணி பிறக்கும் வரை வீடு காலியாகவே கிடக்கும் என்று வைத்துக்கொண்டு, அந்த ஒரு மாத வாடகையை விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.